இடது பக்கம் யாரும் பாடவில்லை

ஜூன் 3, செவ்வாய்

ஹெட்செட்டின் இடது சேனலில் ஹம். சன்னமாக, ஊ என்று, விடாமல். எர்த்திங் கோளாறாகத்தான் இருக்கும். இந்த வீட்டு வயரிங் நான் பிறக்கும் முன் போட்டது, எர்த் கம்பி எங்கே போகிறதென்று மாதாவுக்குத்தான் தெரியும். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

தினமும் எழுதிவைக்கச் சொன்னது ஜெனிட்டா. "போன மாசம் எத மாத்தின, எத கெடுத்தன்னு கேட்டா முழிக்க. எழுதி வையி." சரி, எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன்களின் சென்சார் என் பொறுப்பு. ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். புரோகிராம் என்னுடையது, சத்தமும் இசையும் அவளுடையது. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள்.

கேமின் பெயர் 'எந்தப் பக்கம்'. திரை முழுக்கக் கறுப்பு. பார்க்க ஒன்றும் கிடையாது. நீங்கள் ஒரு படகில் இருக்கிறீர்கள், விளக்கு அணைந்துவிட்டது. இரண்டு குரல்கள் கூப்பிடுகின்றன. ஒன்று கரை. இன்னொன்று கரை இல்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எது எந்தப் பக்கம் என்று காதாலேயே பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். இரண்டாவது குரலுக்குப் பெயர் வைக்கவில்லை. 'அது' என்போம்.

இந்தப் பைத்தியம் ஒரு பேய்ப்படத்தில் பிடித்தது. பிளஸ் டூ படிக்கும்போது பார்த்த படம், கதை மறந்துவிட்டது. ஒரு காட்சியில் எனக்குப் பின்னால் கதவு திறக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். தியேட்டர் கதவு மூடித்தான் இருந்தது. சுற்றிப் பார்த்தால் பாதி தியேட்டர் என்னைப் போலவே திரும்பியிருக்கிறது. எவனோ ஒருத்தன் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை கழுத்துகளைத் திருப்பியிருக்கிறான். எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் வந்தது. நானும் ஒரு கழுத்தையாவது திருப்ப வேண்டும்.

ஆகஸ்டில் சென்னையில் கேம் கண்காட்சி. எங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

கேபிளை மாற்றினேன். ஹம் போகவில்லை. பிளக் பாயின்ட்டை மாற்றினேன். போகவில்லை. அதோடு இடது பக்கச் சத்தமே இன்று குறைந்துவிட்டது. அலைச் சத்தம் வலதில் தெளிவு, இடதில் சாக்குக்குள் போட்டுக் கட்டியது போல.

ஹெட்செட்தான் போயிருக்கிறது. புதிது வாங்கிவிட வேண்டியதுதான்.

ஜெனிட்டா போனில் சொன்னாள்: "திருப்பிப் போட்டுப் பாரேன். இடத வலதுல மாட்டு."

"அது தேவையில்ல. கோளாறு எங்கன்னு தெரிஞ்சிட்டு."

அம்மா வேறு வந்து நின்றுகொண்டு கத்தினாள். "எத்தன வாட்டி கூப்பிடுதேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" கூப்பிடவே இல்லை. சமையலறை என் மேசைக்கு இடது பக்கத்திலேயேதான் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்காதா?

ஜூன் 5, வியாழன்

புதிய ஹெட்செட். அதிலும் அதே.

அப்படியென்றால் கோளாறு ஃபைலில். ஜெனிட்டா மூன்றாம் கட்டத்துக்கு அனுப்பிய சத்தத்தில் இடது பக்கமே இல்லை. அந்தக் கட்டத்தில் 'அது' இடது பக்கமிருந்துதான் வருகிறது. ஐந்து முறை விளையாடினேன், ஐந்து முறையும் தின்றுவிட்டது. பிரவுசிங் சென்டர் காலத்தில் காலடிச் சத்தத்தை வைத்தே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனைச் சுடுவேன். திரையை எட்டிப் பார்க்கிறான் என்று என்னைத் துரத்தியே விட்டார்கள். அப்படிப்பட்ட காது. என் கேமில் நானே தோற்கிறேன்.

போன் போட்டுக் கத்தினேன். "ஒரு சேனல விட்டுட்டு அனுப்பியிருக்க. கோயில்ல வாசிக்க மாதிரி ஏனோதானோன்னு செய்யாத."

அந்தப் பக்கம் அவள் ஃபைலை ஓடவிடுவது கேட்டது. பிறகு, "ரெண்டு பக்கமும் இருக்கு ஜெரால்டு. இப்பந்தான் கேட்டேன். எங்கண்ணனும் கேட்டான்" என்றாள்.

"உங்கண்ணன் ஏலக்கூடத்துல மீன் எண்ணட்டும்."

வைத்துவிட்டாள்.

பிறகு ஃபைலைத் திறந்து அலைவரைவைப் பார்த்தேன். இடது, வலது, இரண்டும் ஒரே உயரம். பச்சையாகத் தெரிகிறது. அப்படியென்றால் சவுண்ட் கார்டு.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பதிலுரைப் பாடலில் ஆண்கள் பக்கம் ஒரு வரி, இடதில் பெண்கள் பக்கம் ஒரு வரி. எங்கள் கேமின் இரண்டு குரல்களே இதிலிருந்து வந்தவைதான். ஒரு நாள் பயிற்சி முடிந்து ஜெனிட்டா சொன்னாள்: "கீபோர்டுல உக்காந்திருந்தா ரெண்டு பக்கமும் என்னய பிச்சி இழுக்க மாதிரி இருக்கும். அத வையி." வைத்தோம். நல்ல ஐடியா. அவளிடம் சொன்னதில்லை.

இன்று பெண்கள் பக்கம் யாருமே பாடவில்லை. ஏதோ முணுமுணுப்பு, அவ்வளவுதான். வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன், ஒங்க பக்கம் எல்லாருக்கும் தொண்ட கட்டிட்டா?"

அம்மா என்னை நின்று பார்த்தாள். "நல்லாத்தானல பாடினோம்" என்றாள்.

ஜெனிட்டா என்னிடம் பேசாமல் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன், ஃபிரிஜ், கம்ப்யூட்டர், பக்கத்து வீட்டு மோட்டார், எல்லாம் நின்றது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

ஹம் நிற்கவில்லை.

பக்கத்தில் இன்வெர்ட்டர் ஏதாவது ஓடுகிறதோ என்று வீடு முழுக்கத் தேடினேன். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

சளி பிடித்திருக்கும். ஆவி பிடித்தேன். கேம் வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துறைமுக யார்டில் நாலாவது கிரேனுக்கு நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி வெயில். ட்ரெய்லர் ரிவர்ஸ் வரும் பீப் சத்தம். வலது பக்கம் கேட்டது. வலதில் வருகிறதென்று இடதுபக்கம் ஒதுங்கினேன்.

ட்ரெய்லர் இடதுபக்கம் இருந்தது.

கிரேன் ஓட்டுகிற இசக்கி அண்ணன் என் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் கீழே விழுந்தோம். டயர் என் ஹெல்மெட் மேல் ஏறிப் போயிற்று. தலையிலிருந்து கழன்று விழுந்த ஹெல்மெட். முட்டை ஓடு போல நொறுங்கியது.

"ஏல! செவிடால நீ? இவ்ளோ பெரிய வண்டி வருது, அதுக்குள்ளயே போயி விழுத!"

"இயர் பிளக் வச்சிருந்தேன்ணே."

அவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பி இடது காதைப் பார்த்தார். பிறகு வலது காதை. இரண்டிலும் ஒன்றுமில்லை. அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குரலை இறக்கி, "வீட்டுக்குப் போ மக்கா" என்றார்.

வந்துவிட்டேன். 

ஜூன் 12, வியாழன்

ஹெட்செட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காது மூக்கு தொண்டை டாக்டர். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, அவசரமே இல்லாத பேச்சு. முதலில் என் இரண்டு காதுக்குப் பக்கத்திலும் விரலை உரசி, கேட்கிறதா என்றார். பிறகு ட்யூனிங் ஃபோர்க் என்ற இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது தம்பி?"

கேட்டது எங்கள் கேமின் பெயர். 

"வலது."

கண்ணாடி அறையில் உட்காரவைத்து டெஸ்ட். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஏன் இடது காதுக்கு ஆரம்பிக்கவில்லை என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெஸ்ட் எடுக்கிற பெண் கையால் சைகை காட்டினாள்: ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கிராஃபைக் கையில் கொடுத்தார்கள். இந்த மாதிரி கிராஃப் நான் எத்தனையோ பார்த்தவன். ஸ்பீக்கருக்குப் போடுவோம். வலது கோடு மேலே நேராகப் போகிறது. இடது கோடு கீழே கிடக்கிறது. இப்படி ஒரு ஸ்பீக்கர் வந்தால் குப்பையில் போடச் சொல்வேன்.

"எத்தன நாளா இருக்கு?"

"பத்து நாள் இருக்கும்."

"பத்து நாளா என்ன செஞ்சீங்க?"

"கேபிள் மாத்தினேன்."

அவர் சிரிக்கவில்லை. காது நரம்பு சம்பந்தப்பட்டது, திடீரென்று வரும், ஏன் என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். முதல் இரண்டு மூன்று நாளில் மாத்திரை ஆரம்பித்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்றார்.

"இப்பம்?"

"இப்பவும் ஆரம்பிப்போம்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

"வலதுக்கும் வருமா மேடம்?"

"பெரும்பாலும் வராது."

"பெரும்பாலும்னா எத்தன சதவீதம்?"

"தம்பி, மாத்திரையச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. வெறும் வயித்துல போடாதீங்க."

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் யார்டில் வேலை குறைவு என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை பசியைக் கிளப்புகிறது. ஒன்பது இட்லி தின்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம்.

கேம் பக்கம் போகவில்லை. ஜெனிட்டா மூன்று முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எடுத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். உள்ளே தள்ளும் முன் டெக்னீஷியன் காதுக்குப் பஞ்சு கொடுத்தான். "இடதுக்கு வேண்டாம் பாஸ்" என்றேன். ஜோக் புரியவில்லை அவனுக்கு, இரண்டுக்கும் வைத்துவிட்டான்.

அந்தக் குழாய்க்குள் எங்கள் யார்டே இருக்கிறது. இடி, தட்டல், ரம்பம். இயந்திரம் என்னைச் சுற்றி முழுவட்டமாக இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. இடது பக்கம் உலகமே இல்லை. சுவர்கூட இல்லை. அந்தப் பக்கம் ஏதாவது நெருங்கி வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது என்று தோன்றியது. தோன்றியதும் கையில் கொடுத்திருந்த பஸ்ஸரை அழுத்திவிட்டேன். வெளியே இழுத்து, "என்ன சார், மூச்சு முட்டுதா?" என்றான்.

"இல்ல. எனக்கு இடது பக்கம் யாராவது நிக்காங்களா?"

"யாருமில்ல சார்."

மறுபடி உள்ளே போனேன்.

ஜூன் 21, சனி

கட்டி இல்லை.

ஜூன் 25, புதன்

அம்மா இப்போதெல்லாம் என் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்காருகிறாள். அங்கேதான் ஃபேன் காற்று நன்றாக வருகிறதாம். ஃபேன் நடுவில் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

செவிப்பறை வழியாக உள்ளே ஊசி. வலி பற்றி எழுத மாட்டேன். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். நல்ல காதை அழுத்திப் படுத்தேன். எல்லாம் அணைந்தது. நர்ஸ் வாய் அசைத்துக்கொண்டு போனாள். ட்ரே கீழே விழுந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. வலதும் போனால் இதுதான்.

அரை மணி நேரம் என்றார்கள். நான் நடுவிலேயே இரண்டு முறை, வலது கேட்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். மருந்து வழிந்திருக்கும். என் தப்புதான்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டாவது கிராஃப். இடது கோடு அதே இடத்தில் கிடக்கிறது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இனி வலது காதப் பாத்துக்கணும் தம்பி. சத்தமான இடத்துல வேல வேண்டாம்."

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றேன். பஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லா ஹாரனும் வலது. ஒன்று கண்டுபிடித்தேன்: தலையை மெல்லச் சுற்றினால் ஒரு கோணத்தில் சத்தம் கூடுகிறது. அந்தக் கோணத்தில் வலது காது சத்தத்தை நேராகப் பார்க்கிறது. அங்கிருந்து கணக்குப் போடலாம். பைத்தியம் போல பஸ் ஸ்டாண்ட் நடுவில் தலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். வேலை செய்கிறது. ஆனால் மெதுவாக. ட்ரெய்லர் அதுவரை காத்திருக்காது.

'அது'வும் காத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கேமைத் திறந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாம் கட்டத்தை முழுக்க அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அந்தப் படம் எனக்குத் தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டது. பின்னால் கதவுச் சத்தம் கேட்டால் பயம் என்று நினைத்தேன். அது பயமே இல்லை. எங்கே என்று தெரிகிறதே, திரும்பிப் பார்க்கலாமே. கேட்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை, அதுதான். இதைக் கற்பனை செய்து எழுத என்னால் முடிந்திருக்காது. முடியாமலே போயிருந்தால் நன்றாயிருக்கும்.

புது மூன்றாம் கட்டம்: முதலில் இடதில் சன்னமான ஹம். பிறகு இடது அலை மங்கும். பிறகு இடது குரலும். கடைசியில் கரை, 'அது', காற்று, எல்லாம் வலது சேனலுக்கு வந்துவிடும். படகை மெல்லச் சுற்றி, எந்தக் கோணத்தில் சத்தம் கூடுகிறதென்று பார்த்துத்தான் தப்பிக்க முடியும். நான் விளையாடினேன். ஜெயித்தேன். இந்தக் கேமை உலகத்தில் என்னைவிட நன்றாக ஆட ஆளில்லை.

ஜெனிட்டாவுக்கு மெசேஜ் போட்டேன்: 'புது கட்டம் ரெடி. வந்து விளையாடிப் பார். அன்றைக்குப் பேசினது தப்பு.' உடனே பதில் வந்தது: 'எங்கண்ணன்கிட்டயும் சொல்லு.'

ஜூலை 12, சனி

ஜெனிட்டா மத்தியானம் வந்தாள். மாத்திரையால் உப்பிய என் முகத்தைப் பார்த்து, "என்ன, கன்னம் பன்னு மாதிரி இருக்கு? அத்த ஊட்டி விடுதாங்களா?" என்றாள்.  என் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். அவளுக்கு வலது பக்கம் நானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் இடது காது அவள் பக்கம். யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு கட்டமும் சுலபமாகத் தாண்டினாள். அவள் செய்த சத்தம்தானே. மூன்றாவதில் ஹம் ஆரம்பித்ததும் முகம் சுளித்தாள். இடது பக்கத்தை விரலால் தட்டினாள். கேபிளை ஆட்டினாள். ஜாக்கைப் பிடுங்கிச் செருகினாள். எல்லாம் நான் செய்த அதே வரிசையில். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஹெட்செட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். இரண்டு வினாடி.

சத்தமில்லாத பக்கம் வலதுக்கு மாறியதும் முகம் தெளிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிச் சொன்னதால் வார்த்தை விழுந்தது: "ஏ, பயந்தே போயிட்டேன். எங்காதுதான் போச்சோன்னு நெனச்சேன்." சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

"கேம்லயே அப்டித்தான் வச்சிருக்கியா? கெட்டவன்ல நீ." நேராக மாட்டிக்கொண்டு தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் இறுகிவிட்டது. மூச்சு நின்று நின்று வந்தது. 'அது' மிக அருகில் வந்த இடத்தில், என்னை அறியாமல் நானும் மூச்சைப் பிடித்திருந்தேன். அவள் சட்டென்று கழுத்தைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். துணி காயும் கொடியும் ஜன்னலும்தான் இருந்தன.

ஒரு கழுத்து. பிளஸ் டூவிலிருந்து காத்திருந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். முன்கை மயிர் சிலிர்த்திருந்தது. பிறகு கேட்டாள்: "இத எப்டி யோசிச்ச?"

"சும்மா."

"அன்னைக்கு நான் ஒன்ன ஹெட்செட்டத் திருப்பிப் போட்டுப் பாக்கச் சொன்னேன்லா. பாத்தியா?"

"பாத்தேன்."

"மாறிச்சா?"

நான் ஹெட்செட் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஜெனிட்டா சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாக, "டீயே போடுங்கத்த" என்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அம்மா அங்கிருந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், டீயா காபியா என்று. இவள் கழுத்து திரும்பியது. என் கழுத்து திரும்பவில்லை.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து, நாற்காலியைத் தூக்கி, ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். ஃபேன் காற்று என்றெல்லாம் சொல்லவில்லை.

"எப்பம்லேர்ந்து?" என்றாள்.

சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

மூன்றாம் கட்டத்துக்குப் புது இசை அனுப்பியிருக்கிறாள் ஜெனிட்டா. பதிலுரைப் பாடல் மாதிரி இரண்டு குரல், ஆனால் இரண்டையும் வலது சேனலிலேயே போட்டிருக்கிறாள். ஆரம்பத்திலிருந்தே. இடதில் ஒன்றுமில்லை. நான் கேட்க வேண்டும் என்றுதான்.

போன் போட்டுக் கத்தினேன். "ரெண்டு பக்கமும் போட்டு அனுப்பு. முதல்ல இருந்தாத்தான் அப்புறம் போறது தெரியும்."

"ஒனக்குக் கேக்காதேன்னு போட்டா, கத்துத."

"எனக்குக் கேக்காதது எனக்குத் தெரியும். அலைவரைவப் பாத்துக்கிடுதேன். விளையாடுறவனுக்குக் கேக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் அழுதுட்டு இருக்கேன், நீ அலைவரைவுங்க. அனுப்புதேன், வையி."

துறைமுகத்தில் அலுவலகத்துக்குள் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும்ல" என்று மட்டும் சொல்லி மாவு அரைக்கப் போய்விட்டாள்.

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் செய்வது ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எழுந்திருக்கும் முன்பே, கையை நீட்டி ஃபேனை அணைத்துவிட்டு, வலது காதுக்குப் பக்கத்தில் விரலை உரசிப் பார்க்கிறேன்.

இன்று கேட்டது.